தலைவரின் சட்டைப்பை

ஜீவராணிக்கு யார் துணை என்று கேட்பதற்காக ஆஸ்பத்திரியில் கூட்டம் வைத்தார்கள். அதற்கு ஒரு வேன் நிறைய ஆட்கள் போய் இறங்கினார்கள். அவள் வார்டில் கிடந்த இரண்டு மாதத்தில் ஒரு பிஸ்கட் பக்கெட்டோடு போய் எட்டிப் பார்த்தவர் அந்த வேனில் ஒருவரும் இல்லை.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எங்கள் தோட்டத்தில் ஒருவனை ஒபீசில் கூப்பிட்டாலும் பொலிசில் கூப்பிட்டாலும் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டாலும் அவன் நேரே அங்கே போகமாட்டான். தொழிற்சங்கத் தலைவர் வீட்டுக்குப் போவான். தலைவர் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, பையில் பேனையைக் குத்திக்கொண்டு முன்னால் நடப்பார். அவர் பேசுவார். இவன் பின்னால் கைகட்டி நிற்பான். பேசி முடித்து வெளியே வந்த பிறகுதான் தனக்கு என்ன தீர்ப்பு என்று இவனுக்கே தெரியும். சம்பளப் பிரச்சினைக்குப் பழகிய பழக்கம். கடைசியில் நோய்க்கும் அதுவேதான்.

நிலக்ஷி என்ற தாதி ஆண்டியப்பனுக்குப் போன் எடுத்துத் தெளிவாகத்தான் சொன்னாள். "ஒங்க மனைவிக்கு டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பப் போறோம். அதுக்கு முன்னாடி, வீட்டுல அவங்களுக்கு ஒத்தாசையா இருக்கிறவங்கள கூட்டிக்கிட்டு வாங்க. எல்லாரும் கலந்து பேசுவோம்."

ஆண்டியப்பன் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் சீமெந்து மூட்டை இறக்குகிறவன். போனை வைத்ததும் அவன் மனைவியை நினைக்கவில்லை. தலைவர் சிவசாமியை நினைத்தான்.

"கலந்து பேசணுமாமா?" என்றார் தலைவர். "அப்ப அவனுக பக்கம் ஏதோ கோளாறு இருக்கு. நீ வாயத் தொறக்காத. நான் பேசித் தீக்குறேன். கோயில் கமிட்டியயும் கூப்புடுவோம். நாலு பேரு போனாத்தான் மதிப்பான்."

நாலு பேர் அல்ல, பதினொரு பேர். அதில் பெண் என்று ஆண்டியப்பனின் தாய் பேச்சியம்மா மட்டும்.

ஜீவராணிக்கு மனநோய் என்கிற இந்த வருத்தம் வந்தது போன வருசத்து ஆடி மழையில். அக்கரப்பத்தனைக்கு மேலே எங்கள் டிவிசனில் அந்த மாதம் வெயில் என்பதே கிடையாது. பனிமூட்டத்தில் பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்கிறவளின் கை மட்டும்தான் தெரியும். ஜீவராணி நிரையை விட்டுவிட்டு மலை உச்சிக்கு ஏறிப் போக ஆரம்பித்தாள். அங்கேயிருந்து யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்களாம். கங்காணி முதலில் கத்தினார், பிறகு சிரித்தார், பிறகு செக்ரோல் என்கிற கூலிப் பதிவேட்டில் பேர் போடாமல் விட்டார். ஒரு நாள் நிறுவை நடக்கிற இடத்தில் வைத்து, எடுத்த கொழுந்து முழுவதையும் தரையில் கொட்டி, அட்டைப் பூச்சி நெளிகிறது என்று மிதித்தாள்.

முதல் தடவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மாத்திரையோடு திரும்பினார்கள். அந்த மாத்திரை கேட்டது, சத்தம் அடங்கியது. ஆனால் காலையில் போடச் சொல்லியிருந்தார்கள். காலையில் போட்டுவிட்டு மலை ஏறினால் கால் நடுங்குகிறது, கண் சொருகுகிறது, சறுக்கி விழுகிறேன், ராத்திரியில் போடுகிறேன் என்று அவள் வீட்டில் சொன்னாள். பேச்சியம்மா அதை, மருமகள் மாத்திரை போட மறுக்கிறாள் என்று லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சொன்னாள். சொல்லிவிட்டு, அம்மியில் மாத்திரையை நுணுக்கிப் பருப்பில் போட்டாள்.

கசக்காதா? பீங்கான் தட்டின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்ததைப் பார்த்த நாளிலிருந்து ஜீவராணி அந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிடவில்லை. சோற்றில் எதையோ கலக்கிறார்கள் என்றாள். பைத்தியம் என்றார்கள். உண்மையில் கலந்தார்கள். உண்மையைச் சொன்னவளுக்குப் பைத்தியம் என்று பெயர். கலந்தவளுக்கு மாமியார் என்று பெயர்.

சாப்பிடாதவள் கடைவீதிக்கு இறங்கினாள். அங்கே நூர்தீன் முதலாளியின் பலசரக்குக் கடை. கடைக்குப் பின்னால், அரிசி மூட்டைகளுக்கு நடுவில், அவருடைய மனைவி அசீசா செத்தல் மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருப்பாள். ஜீவராணி போய் மூட்டைமேல் உட்கார்ந்தாள். அசீசா என்ன ஏது என்று கேட்கவில்லை. முழுப் பாண் ஒன்றை அவள் கண்ணுக்கு முன்னால் வெட்டி, ஒரு துண்டைத் தான் தின்று, மறு துண்டை அவளிடம் நீட்டினாள். சாயத் தேத்தண்ணியையும் அப்படித்தான், ஒரே கேத்தலிலிருந்து இரண்டு கோப்பை.

"நீங்க மொதல்ல குடிங்க ராத்தா."

"குடிச்சேன் பாரு. எனக்கு ஒண்ணும் ஆகல்ல. நீயும் குடி."

அவ்வளவுதான். அந்த மூட்டைமேல்தான் அவள் கொஞ்ச நாள் மனிதப் பிறவியாக இருந்தாள். ஆனால் மாத்திரை நின்றுபோயிருந்தது. கூப்பிடுகிற சத்தம் திரும்ப வந்தது. கோயில் திருவிழாவில் சாமி ஊர்வலம் வருகிற ரோட்டில் நடுவில் உட்கார்ந்துவிட்டாள். எழும்பவே இல்லை. தேர் நின்றது, மேளம் நின்றது, கமிட்டிக்கு மானம் போயிற்று. அதற்குத்தான் ஆம்புலன்ஸ் வந்தது. அவள் பட்டினி கிடந்ததற்கு வரவில்லை.

இப்போது சுகமாகிவிட்டாள். ஒன்பது வயது மகள் சர்மிளாவோடு லயத்தில் தன் காம்பரா அறையில் இருக்கவேண்டும், திரும்ப மலைக்குப் போகவேண்டும். அவள் கேட்டது அது மட்டும்தான். நிலக்ஷியிடம் இன்னொன்றும் சொல்லியிருந்தாள். "அசீசா ராத்தாவையும் கூப்புடுங்க மிஸ்."

அசீசா வந்தாள். விடியவே பஸ் ஏறி, இரண்டு பஸ் மாறி, கையில் பாண் பார்சலோடு வந்தாள். வாசலில் நின்ற அட்டெண்டன், "சொந்தக்காரங்க மட்டும்" என்று வெளிவாங்கில் உட்கார வைத்துவிட்டான். வேனில் வந்த கோயில் கமிட்டிப் பொருளாளருக்கு ஜீவராணி என்ன சொந்தம் என்று அவன் கேட்கவில்லை.

உள்ளே இருந்த கதிரைகளை ஆண்கள் நிரப்பினார்கள். பேச்சியம்மாவுக்கு ஒருவன் இடம் விட்டான். ஜீவராணிக்கு இடமில்லை. கதவோரம் நின்றாள். யாரைப் பற்றிய கூட்டமோ அவள் மட்டும்தான் அந்த அறையில் நின்றுகொண்டிருந்தாள்.

டொக்டர் சிங்களவர், இளைஞர், நல்ல மனிதர். நல்ல மனிதராக இருப்பது எவ்வளவு பயனற்றது என்பதை அன்றைக்குப் பார்க்கலாம். ஆட்களைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்தது. இத்தனை நாளில் ஒரு நோயாளிக்கு இவ்வளவு பேர் திரண்டு வந்ததை அவர் கண்டதில்லையாம். நிலக்ஷி அதைத் தமிழில் சொன்னதும் தலைவர் எழும்பிக் கும்பிட்டார்.

"டொக்டர் ஐயாவுக்குத் தோட்டத்து சார்பா நன்றி. எங்களுக்கு ரெண்டு கோரிக்க. ஒண்ணு, ஆள முழுசா சொகமாக்கித் தரணும். அரகொறயா தந்தா நாங்க பொறுப்பெடுக்க மாட்டோம். ரெண்டு, மாத்திரய கொறைக்கணும்."

நிலக்ஷி மொழிபெயர்த்தாள். டொக்டர் சொன்னதைத் திருப்பிச் சொன்னாள். "மாத்திரை பேரம் பேசுற விசயம் இல்லங்கிறாரு. இப்ப மூணு குடுக்கிறாங்க."

"சரி, அப்ப ரெண்டுக்கு வாங்க."

பின்னால் யாரோ, "விடாதீங்க தலைவரே" என்றான்.

டொக்டருக்கு அது புரியவில்லை. சந்தோசத்தில் போனை எடுத்தார். கண்டியில் நடக்கப்போகிற கருத்தரங்கில் காட்டவேண்டுமாம், குடும்பமும் சமூகமும் எப்படிச் சேர்ந்து நிற்கிறது என்று. எல்லோரும் நெருங்கி நின்றார்கள். தலைவர் நடுவில். ஜீவராணியைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள். நோயாளியின் முகம் படத்தில் விழக்கூடாதாம்; அது அவளுடைய உரிமையாம்.

படம் எடுத்து முடிந்ததும் அவள் எங்கே இருப்பது என்ற பேச்சு வந்தது. டயகமவிலிருந்து வந்திருந்த அவளுடைய அண்ணன் அழகன் முந்திக்கொண்டான்.

"கட்டிக் குடுத்தாச்சு. இனி அவ ஒங்க ஆளு. எங்க வீட்டுல கொமரிப் புள்ளைங்க இருக்கு. நாளைக்குப் பொண்ணு கேட்டு வர்றவன் என்ன நெனப்பான்?"

"கட்டிக் குடுக்குறப்ப சொல்லியா குடுத்தீங்க?" என்றாள் பேச்சியம்மா. "ஒங்க வம்சத்துல இருக்குற வருத்தந்தான் இது."

"எங்க வம்சத்துல ஒருத்தருக்கும் கெடையாது. நீங்க பட்டினி போட்டதுல வந்தது."

"நானா பட்டினி போட்டேன்? திங்க மாட்டேன்னது அவ. சட்டி சட்டியா ஆக்கி வச்சேன்."

ஆண்டியப்பன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாயைத் திறக்கவேண்டாம் என்று தலைவர் சொல்லியிருந்தாரல்லவா? அவனுக்கு அது எவ்வளவு வசதி!

தலைவர் கையை உயர்த்தித் தீர்ப்புச் சொன்னார். "ஆறு மாசம் டயகம, ஆறு மாசம் இங்க. ரெண்டு பக்கமும் நட்டமில்ல. புள்ள தகப்பன் வீட்டுலயே இருக்கட்டும்."

"ஆமா, புள்ளய விடமாட்டேன்" என்றாள் பேச்சியம்மா. "பைத்தியக்காரி கையில பொம்பளப் புள்ளயக் குடுக்க முடியுமா?"

நிலக்ஷி இந்த வாக்கியத்தைச் சிங்களத்தில் சொல்லவில்லை. அவள் காது சிவந்திருந்தது.

டொக்டர் வெள்ளைப் பலகையில் ஒரு வட்டம் போட்டு அடுத்த கேள்வியைக் கேட்டார். மாத்திரையை நாள் தவறாமல் கையில் கொடுக்கப் போவது யார்?

அவ்வளவு நேரமும் முன்னால் சாய்ந்திருந்தவர்கள் கதிரையில் பின்னால் சாய்ந்தார்கள்.

"எனக்கு சங்க வேல" என்றார் தலைவர். "ஒரு நா ஹட்டன், ஒரு நா கொழும்பு."

"நான் கொழும்புல" என்றான் ஆண்டியப்பன். கூட்டத்தில் அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"நான் கைக்காசு வேலைக்குப் போறவ. அந்தியில வந்து ஒல வைக்கவே நேரஞ் சரி" என்றாள் பேச்சியம்மா.

அழகன் ஜன்னல் வழியாக மழை வருகிறதா என்று பார்த்தான். கோயில் கமிட்டி தொண்டையைச் செருமியது. பொருளாளருக்கு அந்த நேரம் பார்த்துப் போன் வந்தது, எடுத்துக்கொண்டு எழும்பினார். எல்லோரும் வந்தவர்கள்தான். துணைக்கு என்று வேன் பிடித்து வந்தவர்கள்தான்.

பேச்சியம்மாதான் வழி கண்டுபிடித்தாள். "சர்மிளா இருக்காளே! அவ குடுப்பா. ஒம்பது வயசுன்னாலும் கெட்டிக்காரி. எண்ணிக் குடுத்துட்டு, முழுங்கிட்டாளான்னு வாயத் தொறக்கச் சொல்லிப் பாப்பா."

"அதான் சரி!" தலைவர் தொடையில் தட்டினார். "பெத்த புள்ள குடுத்தா எந்தத் தாயி மறுப்பா?"

ஒரே நேரத்தில் அத்தனை பேருக்கும் மூச்சு வந்தது. இத்தனை வளர்ந்த ஆண்கள் இறக்கி வைத்த சுமையைத் தூக்க ஒரு நாலாம் வகுப்புப் பிள்ளை கிடைத்துவிட்டது. நிலக்ஷி சொன்னபோது டொக்டர் கொஞ்சம் தயங்கினார். வெளியே இன்னும் நோயாளிகள் வரிசையில் இருந்தார்கள். வட்டத்துக்குள் சர்மிளாவின் பெயரை எழுதினார்.

"அழிங்க" என்றாள் ஜீவராணி.

யாரும் திரும்பவில்லை. அவள் கதவோரத்தை விட்டுப் பலகைக்குப் பக்கத்தில் வந்தாள்.

"மிஸ், அந்தப் பேர அழிக்கச் சொல்லுங்க. எம்புள்ள எனக்கு வாட்சர் இல்ல."

"ஏ, சும்மா நில்லு" என்றார் தலைவர். "பெரியவங்க பேசிக்கிட்டு இருக்கோம்ல."

"நீங்க பேசினத கேட்டேன் தலைவரே. நின்னுக்கிட்டே கேட்டேன்." அவள் குரல் உயரவில்லை. "நான் ஒரு நா வேண்டான்னு சொன்னா அன்னிக்கு அடி எம்புள்ளைக்கு விழும். எனக்கு வருத்தம் திரும்பினா, நீதான் ஒழுங்கா குடுக்கலன்னு அவ தலையில போடுவீங்க. அவ சாகுற வரைக்கும் அத நெனச்சுக்கிட்டுக் கெடப்பா. அழிங்க மிஸ்."

நிலக்ஷி டொக்டரைக் கேட்கவில்லை. எழும்பிப் போய்த் தன் கையாலேயே துடைத்தாள். பிறகுதான் சிங்களத்தில் சொன்னாள்.

"பாத்தீங்களா டொக்டர்?" தலைவர் சிரித்தார். "இதத்தான் சொன்னேன். இன்னும் சொகமாகல."

டொக்டர் முதல் தடவையாக ஜீவராணியைப் பார்த்துக் கேட்டார். உனக்கு என்ன வேண்டும்?

"மாத்திர போட மாட்டேன்னு நான் எப்பவும் சொல்லல. காலையில வேணாம், ராத்திரிக்கு மாத்தித் தாங்கன்னேன். மலையில சறுக்குது. அப்பறம், அத அந்த வீட்டுல வைக்கக்கூடாது. பருப்புல அரைச்சுப் போட்டாங்க. பைத்தியம் சொல்லுதுன்னு நெனச்சா மாமிகிட்டயே கேளுங்க."

எல்லோரும் பேச்சியம்மாவைப் பார்த்தார்கள்.

"நல்லதுக்குத்தானே போட்டேன்" என்றாள் பேச்சியம்மா. "வெசமா வச்சேன்?"

"அந்தியில நான் கடைத்தெருவுக்கு எறங்கி, அசீசா ராத்தாகிட்ட போட்டுக்குறேன். அவங்ககிட்டயே இருக்கட்டும். எம்புள்ளயோட எங்காம்பராவுல இருக்கேன். எம்பேரு செக்ரோல்ல இருக்கு, அந்தக் காம்பரா எனக்கும் சேத்துத்தான். டயகமைக்கு நான் எதுக்குப் போறேன்?"

"யார் அந்த அசீசா?" என்று டொக்டர் கேட்டதும் நிலக்ஷி கதவைத் திறந்தாள். பாண் பார்சலோடு அசீசா உள்ளே வந்தாள். உட்காரச் சொல்ல யாருமில்லை. அவளும் ஜீவராணிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"இது என்ன புதுக் கத?" தலைவருக்கு இப்போது உண்மையாகவே கோபம். "சொந்தமா, பந்தமா? நம்ம சனமா? நாங்க இத்தன பேரு இருக்கையில கடையில போயி மாத்திர குடிக்கிறதா? தோட்டத்து மானம் என்னாவுறது?"

"மானத்தப் பத்தி எனக்குத் தெரியாது தலைவர்" என்றாள் அசீசா. "கட ராவாகுற மட்டும் தொறந்துதான் ஈக்குது. நானும் அங்கதான் ஈக்கேன். இந்தப் புள்ள வந்தா தண்ணி குடுப்பேன். வரல்லன்னா இந்த மிஸ்ஸுக்கு போன் அடிப்பேன். இதுக்கு எதுக்கு வேன்?"

நிலக்ஷிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"அப்ப தோட்டம் பொறுப்பெடுக்காது" என்றார் தலைவர்.

"எப்ப எடுத்தீங்க?" என்றாள் ஜீவராணி.

டொக்டர் மாத்திரையை ராத்திரிக்கு மாற்றினார். ஜீவராணி தன் வீட்டுக்கே போகட்டும், பிள்ளையும் தாயோடு இருக்கட்டும், அடுத்த கிளினிக்கில் பார்ப்போம் என்றார். வட்டத்துக்குள் அசீசாவின் பெயரை எழுதினார். எழுதிவிட்டு, திரண்டு வந்த சமூகத்தை மனம் நோகச் செய்யக்கூடாது என்றோ என்னவோ, அதற்கு மேலே, பெரிய எழுத்தில், பிரதான பொறுப்பாளர் சிவசாமி என்றும் எழுதினார். தலைவருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. பார்மசியில் மாத்திரையைக் கொடுத்தபோது, பிரதான பொறுப்பாளர் என்று சொல்லி அவரே வாங்கிச் சட்டைப்பையில் பேனைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

வேனில் அசீசாவுக்கு இடமில்லை என்றார்கள். அவள் பஸ்சுக்கு நடந்தாள்.

லிந்துலையில் வேனை நிறுத்திக் கொத்து ரொட்டி தின்றார்கள். இரண்டு பேர் தவறணைப் பக்கம் போய் வாய் நாற வந்தார்கள். எல்லோருக்கும் கிளாசில் தேத்தண்ணி வந்தது. ஜீவராணிக்கு மட்டும், வீசி எறிகிற பிளாஸ்டிக் கோப்பையில். சொன்னது யார் என்று தெரியவில்லை. யாரும் சொல்லியிருக்கத் தேவையும் இல்லை. அவள் அதை வாங்கி, வேனின் ஜன்னல் வழியாக ரோட்டில் ஊற்றினாள். பின் ஆசனத்தில் யாரோ வாந்தி வருகிற சத்தத்தில் ஏப்பம் விட்டான்.

கடைவீதியில் வேன் நின்றபோது அந்தியாகிக்கொண்டிருந்தது. தலைவர் இறங்கியதும் நாலு பேர் கூடினார்கள். டொக்டரை எப்படி மடக்கினார், மாத்திரையை எப்படி ராத்திரிக்கு மாற்ற வைத்தார் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். ஜீவராணி இறங்கி வந்து கை நீட்டினாள்.

"மாத்திரய தாங்க தலைவரே."

"எங்கிட்டயே இருக்கட்டும். நான்தானே பொறுப்பு."

"ராத்தா கடையில வைக்கணும்னுதானே பேச்சு."

"அந்தப் பேச்சு அங்க. இது இங்க." அவர் கூடியிருந்தவர்களைப் பார்த்துக் கண் சிமிட்டினார். "ராத்திரிக்கு சர்மிளாவ வீட்டுக்கு அனுப்பு. அன்னன்னிக்கு உள்ளத எண்ணிக் குடுத்துவுடுறேன்."

ஆண்டியப்பன் பக்கத்தில்தான் நின்றான். ஜீவராணி அவனைப் பார்த்தாள். அவன் செருப்பில் ஒட்டிய சேற்றை ரோட்டில் தேய்த்தான்.

அவள் தலைவரின் சட்டைப்பைக்குள் கையை விட்டாள்.

அந்தச் சட்டையை மாலை போடுவதற்குத் தவிர ஒரு பெண் நெருங்கியதை அந்தக் கடைவீதி கண்டதில்லை. அவர் பின்வாங்கினார். பை கிழிந்தது. பேனை விழுந்து சாக்கடைக்குள் உருண்டது. மாத்திரைப் பக்கெட்டோடு அவள் கை வெளியே வந்தது.

"புடிங்கடா அவள! முத்திப்போச்சு!" என்று தலைவர் கத்தினார்.

"கூட்டிட்டு வந்த அன்னைக்கேவா?" என்றான் ஒருவன். பேச்சியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஒருவரும் பிடிக்கவில்லை. பைத்தியத்தைத் தொட அவர்களுக்குப் பயம்.

அவள் ரோட்டைக் கடந்து நூர்தீன் கடைக்குள் போனாள். அசீசாவின் பஸ் இன்னும் வரவில்லை. முதலாளி தராசிலிருந்து தலையை எடுத்து, "உள்ள போய் இரிங்க மகள்" என்றார். அவள் மூட்டைமேல் உட்கார்ந்து, பக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு, அங்கே கிடந்த செத்தல் மிளகாயை எடுத்துக் காம்பு கிள்ள ஆரம்பித்தாள்.

பைத்தியம் தலைவரின் சட்டையைக் கிழித்ததாம் என்று வேடிக்கை பார்க்க டியூசன் விட்டு வந்த பிள்ளைகள் ஓடி வந்தார்கள். அவர்களில் ஒருத்தி சர்மிளா. தாயைக் கண்டதும் வாசற்படியில் நின்றாள். மற்றப் பிள்ளைகள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். சர்மிளா உள்ளே வந்தாள்.

"அம்மா, மாத்திர நான்தான் குடுக்கணுமாம். வாயத் தொறக்கச் சொல்லிப் பாக்கணுமாம். அப்பாயி போன்ல சொல்லுச்சு."

"ஒனக்கு அந்த வேல இல்ல."

"அப்ப எனக்கு என்னா வேல?"

"போய் வெளையாடு."

சர்மிளா போகவில்லை. பையைக் கழற்றி வைத்துவிட்டுப் பக்கத்து மூட்டையில் ஏறினாள். ஒரு மிளகாயை எடுத்துக் காம்பு கிள்ளினாள். தும்மினாள்.

"மூக்கெல்லாம் எரியுதும்மா."

"எரியும். மொளகா."

வெளியே வேன்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தான். தாயும் மகளும் எழும்பவில்லை.